பாட்டு கேட்குது, வசனம் கேட்கலை: எங்கள் கோவிலுக்கு ஸ்பீக்கர் மாற்றிய அனுபவம்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பழைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோவிலுக்கு ஒலி அமைப்பு வாங்கும் பொறுப்பு எங்கள் கமிட்டிக்கு வந்தது. இரண்டு தடவை வாங்கினோம், முதல் தடவை தப்பாக. சபைக் காசு ஒவ்வொரு ரூபாயும் யாரோ காணிக்கைப் பையில் போட்டது என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

கல் தளம், சுண்ணாம்புச் சுவர், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கூரை, வாசலிலிருந்து பீடம் வரை 30 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கைதட்டினால் சத்தம் அடங்க இரண்டு மூன்று செகண்ட் ஆகும். கீர்த்தனைக்கு அது அருமை, பாடகர் குழுவில் பத்துப் பேர் வந்தாலும் கோவில் நிரம்பிவிடும். பேச்சுக்கு அதுவே எதிரி. ஒரு எழுத்தின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த நாலைந்து எழுத்து வந்து அதன்மேல் விழுகிறது, நெடில்கள் நீண்டு நின்று க, ச, த, ப எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன.

முதல் தடவை டவுனில் ஒரு கடைக்குப் போனோம். ஏசி அறை, தரையில் கார்பெட், 15 இஞ்ச் பாக்ஸ் இரண்டில் ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினார்கள், நெஞ்சு அதிர்ந்தது, அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். பீடத்துக்கு இரண்டு பக்கமும் வைத்தோம். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைசி பெஞ்சில் உட்காரும் பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "தம்பி, பாட்டு நல்லா கேக்குது, வசனந்தான் ஒண்ணும் வெளங்கல" என்றார்.

சத்தத்தைக் கூட்டினோம். முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள், பின்னால் அதே கதைதான், ஏனென்றால் குரலைக் கூட்டும்போது எதிரொலியும் அதே அளவு கூடுகிறது. ஈக்குவலைசர் (அடிச்சத்தம், கீச்சுச் சத்தம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கருவி) சேர்த்தால் சரியாகும் என்று கடையில் சொன்னார்கள், அதையும் வாங்கினோம். மைக் ஊளையிடுவது குறைந்தது, அவ்வளவுதான். கட்டடத்தின் எதிரொலியை எந்த ஈக்குவலைசரும் எடுக்காது.

அப்புறம் பக்கத்து ஊரில் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போடுகிற அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் ஸ்பீக்கர் விலையே பேசவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெட்டையான காலம் (column) ஸ்பீக்கர், அதாவது ஒரே பெட்டியில் சின்ன ஸ்பீக்கர்களை மேல் கீழாக அடுக்கியது, ஆறு கொண்டுவந்து, பக்கத்துக்கு மூன்றாகத் தூண்களில் கயிற்றால் கட்டி, கொஞ்சம் கீழே சாய்த்து, "பின்னால போய் உக்காந்து கேளுங்க" என்றார். இந்த வகை ஸ்பீக்கரில் சத்தம் பக்கவாட்டில் அகலமாகவும் மேல் கீழ் குறைவாகவும் பரவும், அதனால் கூரைக்குப் போவது குறைந்து ஆட்கள் காதுக்கு வருவது கூடும். ஒவ்வொருவருக்கும் பக்கத்திலேயே ஒரு ஸ்பீக்கர் மெல்லப் பேசுகிறது, எதிரொலி பின்னுக்குப் போய்விடுகிறது. தூணுக்குத் தூண் 7 மீட்டர், அந்தத் தூரத்தைச் சத்தம் கடக்க 20 மில்லி செகண்ட், அந்த இடைவெளியைக் காது பிரித்துப் பார்ப்பதில்லை, ஒரே குரலாகத்தான் கேட்கிறது.

அதையே வாங்கினோம். அஹுஜா 160 வாட் ஆம்பிளிஃபயர், 100 வோல்ட் லைன் (சத்தத்தை உயர் வோல்ட்டேஜில் ஒயர் வழி அனுப்புகிற முறை), ஆறு ஸ்பீக்கரும் 20 வாட் டேப்பில் (ஸ்பீக்கர் எத்தனை வாட் எடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்கிற முனை), மொத்தம் 120 வாட், மீதி கையிருப்பு. நீளமான ஒயர் இழுக்கிற இடத்துக்கு 100 வோல்ட் லைன்தான் வசதி. ஸ்பீக்கர்களை அதே ஒயரில் பேரலலாக இணைத்துக்கொண்டே போகலாம், டேப்புகளின் கூட்டல் ஆம்பிளிஃபயர் வாட்டைத் தாண்டாமல் பார்த்தால் போதும். மொத்தச் செலவு முதல் செட்டின் பாதிகூட ஆகவில்லை, அது இன்னும் எனக்கு மனக்கஷ்டம்தான்.

குறையும் உண்டு. டிரம்ஸ், பேஸ் கிட்டார் வைத்து வாலிபர் கூடுகை நடத்தினால் அடிச்சத்தம் சன்னமாக இருக்கும், இது இந்த வகை ஸ்பீக்கருக்கே உள்ள குணம். பழைய பாக்ஸ் இரண்டையும் அதற்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

மைக்குக்கு ஷூர் எஸ்எம்58 எடுத்தோம். முன்னால் பேசுவதை மட்டும் நன்றாக எடுத்து, பின்னால் வருவதைத் தள்ளிவிடும். ஆனால் எந்த மைக்காக இருந்தாலும் வாய்க்கும் அதற்கும் உள்ள தூரம்தான் பாதி வேலை. ஒரு அடி தள்ளி வாசிப்பவர் அரை அடிக்கு வந்தாலே 6 டெசிபல் கூடுகிறது, காசில்லாமல். எங்கள் உபதேசியார் வாசிக்க வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதை நின்று சொல்லிக்கொடுக்கிறார், அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். வாசிப்பு நேரத்தில் பாடகர் குழு மைக்குகளை அணைத்துவிடுங்கள், திறந்திருக்கிற ஒவ்வொரு மைக்கும் ஃபேன் சத்தத்தையும் ஊளையையும் சேர்த்துக் கொண்டுவரும்.

வாங்கப்போகிற சபைகளுக்கு ஒன்று. கடையில் கேட்டு முடிவு பண்ணாதீர்கள், கோவிலில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். பாட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். 23-ஆம் சங்கீதமும் வேண்டாம், எல்லோருக்கும் மனப்பாடம், காது தவறவிட்டதை மனசே நிரப்பிவிடும். நெகேமியா 7-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள், கிட்டத்தட்ட முழுக்கப் பெயரும் எண்ணிக்கையும், ஊகிக்க முடியாது. கடைசி பெஞ்சில் வயதானவர்கள் நாலு பேரை உட்காரவைத்து, கேட்ட பெயர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை அவை ஓடத்தானே போகின்றன.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். பெரியம்மா பதினொரு பெயர் சொன்னார், அதில் ஒன்றுதான் தப்பு, அதுவும் வாசித்த பையன் தடுமாறிய பெயர்.