1,368 யூரோ போச்சு: நெதர்லாந்துக்கு வேலை மாறி வருபவர்கள் கவனத்துக்கு

இன்று காலை வந்த மின்னஞ்சலைப் படித்த கையோடு எழுதுகிறேன். மருத்துவக் காப்பீடு என்று நினைத்துக் கட்டிய 1,368 யூரோ திரும்ப வராதாம். வாங்கிய 14 நாளுக்குள் ரத்து செய்திருக்க வேண்டுமாம்.

நான்கு வருடம் ஸ்டுட்கார்ட்டில் இருந்தேன். அங்கே மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், நாம் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. மார்ச் தொடக்கத்தில் ஐன்ட்ஹோவனுக்கு வேலை மாறி வந்தேன். ஜெர்மன் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆயிற்றே, கொஞ்ச நாள் அதிலேயே ஓட்டலாம் என்று நினைத்தேன். தப்பு. அது ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு. வேலை எந்த நாட்டிலோ, காப்பீடும் அந்த நாட்டில்தான்.

அப்போதுதான் வெளிநாட்டவருக்கென்றே காப்பீடு விற்கும் ஓர் இணையதளம் கண்ணில் பட்டது. எண்ணைக் கொடுத்த பத்தாவது நிமிடம் போன் வந்தது. தமிழ்க் குரல். "அக்கா, நானும் திருச்சிதான்" என்றான் அந்தத் தம்பி. அங்கேயே நான் விழுந்துவிட்டேன். இங்குள்ள அடிப்படைக் காப்பீடு மாதம் 150 யூரோவைத் தாண்டும், இது 114தான் என்றான். "நெதர்லாந்து சட்டத்துக்கு இது செல்லுமா?" என்று இரண்டு முறை கேட்டேன். "அப்படியே செல்லும் அக்கா, நம்ம ஆளுங்க எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

உடம்பைப் பற்றி ஒரு கேள்வித்தாள் வந்தது. சிறுநீரகக் கல் வந்திருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். ஆமாம், சென்னையில் இருந்தபோது ஒரு தடவை என்று உண்மையைத்தான் எழுதினேன். "சும்மா ஃபார்மாலிட்டி அக்கா" என்றான். 2006 முதல் இங்கே சட்டம் என்ன தெரியுமா? அடிப்படைக் காப்பீட்டுக்கு யார் விண்ணப்பித்தாலும் நிறுவனம் ஏற்க வேண்டும், உடம்பு எப்படி என்று பார்த்துத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்தக் கேள்வித்தாள் வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினேன், 1,368 யூரோ.

ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி, அதே கல், அதே இடுப்பு வலி. அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டு, விடிகாலையில் அனுப்பினார்கள். பில் 812 யூரோ. இணையதளத்துக்கு அனுப்பினால் "ஏற்கெனவே இருந்த நோய், பணம் கிடையாது" என்று ஒரு வரி. தம்பிக்குப் போன் போட்டேன். "மேடம், அது காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்க வேண்டியது." அக்கா மேடமாகிவிட்டாள். நிறுவனத்தைக் கேட்டால் விற்றவரைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே வரி: உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. இப்படியே ஐந்து வாரம்.

வயிறு எரிவது அந்த ஐந்து வாரத்துக்காகத்தான். இங்கே வந்த நாலு மாதத்துக்குள் அடிப்படைக் காப்பீட்டில் சேர்ந்தால், சந்தாவைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு முதல் நாளிலிருந்தே காப்பீடு கொடுப்பார்கள். அப்படிச் சேர்ந்திருந்தால் அந்த 812இல், வருடத்துக்கு நாமே கட்ட வேண்டிய பங்கு என்று, என் கையிலிருந்து அதிகம் போனால் 385 யூரோ போயிருக்கும். அவர்கள் இழுத்தடித்ததில் அந்த நாலு மாதம் ஜூலையில் முடிந்துவிட்டது. ஆகஸ்டில் சி.ஏ.கே. என்ற அரசு அமைப்பிலிருந்து கடிதம்: உங்களுக்குக் காப்பீடே இல்லை, மூன்று மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அபராதம். அதாவது நான் 1,368 யூரோ கொடுத்து வாங்கியது இந்த நாட்டுக் கணக்கில் காப்பீடே இல்லை! அன்றைக்கே முறையான காப்பீட்டில் சேர்ந்துவிட்டேன். ஆனால் சேர்ந்த தேதியிலிருந்துதான் செல்லும், ஜூன் பில் என் தலையில்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பாலிசியில் பாசிஸ்வெர்செகரிங் (டச்சு மொழியில் அடிப்படைக் காப்பீடு) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்டால் மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். விற்பவர் பெயர், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஏ.எஃப்.எம். அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். நாலு மாதக் கெடுவைக் காலண்டரில் குறித்துவையுங்கள். போனில் சொன்னதை எழுத்தில் கேளுங்கள், நான் கேட்கவில்லை. அப்புறம், ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.

தம்பி இப்போது போனை எடுப்பதே இல்லை.