மலைப்பூண்டு வந்தாச்சு, தீர்ந்தாச்சு: எதில் சொல்வது?

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்து மலைப்பூண்டு, தேன், பட்டர் ஃப்ரூட் என்று கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு, சரக்கு வந்ததைச் சொல்வது பெரிய வேலையே இல்லை. தீர்ந்துவிட்டது, விலை ஏறிவிட்டது என்பதுதான் போய்ச் சேராது. காலையில் போட்டதைச் சாயங்காலம் பார்த்துவிட்டு ஜிபே பண்ணிவிடுவார்கள். பணத்தைத் திருப்பி அனுப்புவதே தனி வேலையாகிவிடும். ஆகவே, போட்டதைத் திருத்த முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாட்ஸப் குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் 15 நிமிடத்துக்குள் திருத்தினால்தான் உண்டு. அட்மின் மட்டும் எழுதும்படி வைத்தால் குட் மார்னிங் படங்கள் நிற்கும். வாங்குகிறவர்களின் நம்பர் ஊருக்கெல்லாம் தெரிவது நிற்காது. பிராட்காஸ்ட் லிஸ்ட் இன்னும் மோசம்: ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைச் சேவ் பண்ணாதவருக்குப் போகவே போகாது.

வாட்ஸப் சேனல் என்பது நீங்கள் மட்டும் போட, சேர்ந்தவர்கள் பார்ப்பது. அதில் நம்பர் மறைந்திருக்கும், 30 நாள் வரை திருத்தலாம். இரண்டு சிக்கல் உண்டு. சேர்ந்தவுடன் அது மியூட்டில்தான் இருக்கும்; மணிச் சின்னத்தை அழுத்தச் சொல்லி பார்சலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். அடுத்து, திருத்தினால் யாருக்கும் சத்தம் வராது. எனவே பழையதைத் திருத்திவிட்டு, "பூண்டு தீர்ந்தது" என்று புதிதாகவும் ஒன்று போட வேண்டும்.

டெலிகிராம் சேனலில் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், நேரம் குறித்தும் போடலாம். வாங்குகிறவர் போனில் டெலிகிராம் இருந்தால் சரி.

எஸ்.எம்.எஸ். நெட் இல்லாமலும் போகும். ஆனால் மொத்தமாக அனுப்ப டிஎல்டி பதிவும் (மொத்த எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர்கள் டெலிகாம் நிறுவனத்திடம் செய்யும் பதிவு), வாசகத்துக்கு முன்அனுமதியும் வேண்டும். தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான். புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும்: "பூண்டு" கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஆறு. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு. மழையில் மரம் விழுந்து வத்தலக்குண்டு சாலை அடைபட்டு பார்சல் தாமதமானால், அப்போதைக்கு மட்டும் இது போதும்.

எங்கள் தேர்வு சேனல்: வாட்ஸப்போ டெலிகிராமோ, வாங்குகிறவர் போனில் இருப்பது. தவறாமல் வாங்கும் சிலருக்கு மட்டும் ஒரு சின்ன குரூப். குறை, சந்தேகமெல்லாம் அங்கே. ஃபார்வர்ட் ஆகிப் போன நகலை எந்தச் சேனலிலும் திருத்த முடியாது என்பதால், முதல் வரியிலேயே தேதி, இருப்பு, விலை எதுவரை என்பதை எழுதுங்கள்: "ஜூன் 12, 40 கிலோ, இன்றிரவு வரை இந்த விலை". விலைப்பட்டியலைப் படமாகப் போடாதீர்கள், வாட்ஸப்பில் படத்துக்குள் இருக்கும் விலையைத் திருத்த வழியில்லை.