கிரீட் தீவில் வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனத்துக்கு: காரின் அடியையும் படம் எடுங்கள்

போன அக்டோபரில் நானும் தம்பியும் அம்மாவும் கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போயிருந்தோம். வாடகைக் கார் எடுத்து ஏழு நாள் சுற்றினோம். கடைசி நாள் விடியற்காலையில், நாங்கள் செய்யாத சேதத்துக்காகத் தம்பியின் கிரெடிட் கார்டிலிருந்து 600 யூரோ எடுத்துக்கொண்டார்கள். நம் பணத்தில் 50,000 ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பகுதி திரும்பி வருவதற்குப் பத்து வாரம் ஆனது. அந்த ஊருக்குப் போக நினைப்பவர்களுக்கு இது உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அந்த ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எப்படி மாட்ட வைக்கிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

முதலில் ஒன்று. கிரீட்டுக்குப் போனால் கார் தேவைதான். தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளம். வடக்குக் கரையில் பேருந்து நன்றாக ஓடுகிறது. ஆனால் தெற்குக் கரைக்கும் மலைக் கிராமங்களுக்கும் நாளைக்கு ஓரிரண்டு பேருந்துதான், சில ஊர்களுக்கு அதுவும் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, நிறைய நடக்க முடியாது. அதனால் தம்பி கிளம்பும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி, வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பன்னாட்டு உரிமத்தை வாங்கி வைத்திருந்தான்.

பல நிறுவனங்களின் வாடகையை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளம் ஒன்றில் பதிவு செய்தோம். சின்னக் கார், ஏழு நாளைக்கு 168 யூரோ. கூடவே அந்த இணையதளமே விற்ற 'முழுப் பாதுகாப்பு' இன்சூரன்ஸ் 45 யூரோ. எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். அங்கேதான் முதல் தவறு. அந்த 'முழுப் பாதுகாப்பு' கார் நிறுவனம் தருவது இல்லை. சேதம் என்று ஏதாவது வந்தால், நிறுவனம் முதலில் நம் கார்டிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு நாம் ரசீது, பழுது பார்த்த பில் எல்லாம் காட்டி இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். இதை வாங்கும்போது நாங்கள் படிக்கவில்லை.

ஹனியா விமான நிலையத்தில் இறங்கியபோது இரவு 11 மணி. நிறுவனத்தின் கவுன்ட்டர் விமான நிலையத்துக்குள் இல்லை. ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய், ஆளரவம் இல்லாத ஒரு மைதானத்தில் இறக்கியது. ஒரு சின்ன அறை, ஒரே ஓர் ஊழியர், எங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று குடும்பம். அந்த ஊழியர் எங்கள் இன்சூரன்ஸ் தாளைப் பார்த்துவிட்டு, "இது எங்களுடையது இல்லை, இங்கே செல்லாது" என்றார். அதை வைத்துக்கொண்டு எடுப்பதானால், காரைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஈடாக 1,600 யூரோ கார்டில் நிறுத்தி வைக்க வேண்டுமாம். தங்கும் இடம், விமானம் எல்லாம் அதே கார்டில்தான் போட்டிருந்தோம். அவ்வளவு வரம்பு மிச்சம் இல்லை. வேறு ஒருவர் கார்டும் கூடாது, ஓட்டுபவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றார்.

அப்புறம் அவரே வழியும் சொன்னார். "எங்கள் இன்சூரன்ஸை எடுங்கள், நாளைக்கு 19 யூரோ. அப்போது 800 யூரோ நிறுத்தினால் போதும். எது நடந்தாலும் நீங்கள் பொறுப்பில்லை." எது நடந்தாலும் என்ற வார்த்தையை நான் என் காதால் கேட்டேன். ஏழு நாளைக்கு 133 யூரோ. நடு இரவில், அம்மா நாற்காலிகூட இல்லாமல் நின்றுகொண்டிருக்கும்போது, வேறென்ன செய்வது? சரி என்றோம். கார்டு மெஷினில் யூரோவா ரூபாயா என்று கேட்டது. அவரே ரூபாய் என்பதை அழுத்திவிட்டார். அதனால் மெஷின் சொன்ன விலைக்கு மாற்றி எடுத்தார்கள், அது வங்கியின் விலையைவிட மோசம். நீங்கள் எப்போதும் யூரோவையே அழுத்துங்கள், அடுத்தவர் கை அந்த மெஷினில் படக் கூடாது.

ஒப்பந்தம் ஒரு டேப்லெட்டில் இருந்தது. கையெழுத்துப் போடும் கட்டம் மட்டும்தான் எங்கள் கண்ணுக்குக் காட்டப்பட்டது. முழு ஒப்பந்தமும் பிறகு மின்னஞ்சலில் வந்தது. அதன் 4-ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: டயர், ரிம், கண்ணாடி, காரின் அடிப்பாகம் ஆகியவை இந்த இன்சூரன்ஸில் சேராது. கற்கள் நிறைந்த ஊரில் அடிபடக்கூடிய பாகங்கள் எவையோ அவை எல்லாமே வெளியே. நான் இதைப் படித்தது ஊருக்குத் திரும்பிய பிறகு.

காரைப் பார்க்கப் போனோம். மைதானத்தில் ஒரே ஒரு விளக்கு. தம்பி நான்கு பக்கமும் வீடியோ எடுத்தான். பம்பரில் இரண்டு கீறல் இருந்தது, படிவத்தில் குறித்துக் கொடுத்தார்கள். அம்மா மட்டும் விடவில்லை. "வாடகை வீட்டுக்குக் குடி போகும்போது சுவத்துல எத்தனை ஆணி இருக்குன்னு பார்த்து வைக்கிறோம். லைட் அடிச்சுக் குனிஞ்சு பாருடா" என்றார். தம்பிக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. "காலையில பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டான். காலையில் கடலைப் பார்த்ததும் எல்லோருக்கும் அது மறந்துபோயிற்று.

அந்த ஏழு நாளும் நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். எலஃபோனிசி கடற்கரைக்குப் போகும் வழியில் டோபோலியா பள்ளத்தாக்கில் ஒரு குகைப்பாதை, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும், அதற்கு சிக்னல் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் எலோஸ் என்ற கிராமம், சாலை ஓரமெல்லாம் செஸ்ட்நட் மரங்கள்.

தெற்கே ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி அனோபொலிக்குப் போனோம். கொல்லிமலையில் ஓட்டிப் பழகிய தம்பிக்கு அது ஒன்றும் சிரமமாக இல்லை. அந்த ஊர்த் திடலில் தஸ்கலோயானிஸின் சிலை இருக்கிறது. 1770-இல் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, மறு ஆண்டு உயிரோடு தோல் உரிக்கப்பட்டு இறந்தவர். நாங்கள் வந்திறங்கிய விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊரைத் தாண்டினால் அராடேனா பள்ளத்தாக்கின் மேல் 138 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புப் பாலம். 1986-இல் கட்டியது. கார் ஏறியதும் பலகைகள் தடதடவென்று இடி போல அதிர்ந்தன. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அக்கரையில் இருக்கும் பழைய அராடேனா கிராமத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. குடும்பங்களுக்கு இடையே பழிக்குப் பழி மூண்டு ஊரே காலியானதாம்.

இவை எல்லாம் தார்ச் சாலைகள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தப் பகுதியில் பெயர்போன மண் சாலை ஒன்று உண்டு. பாலோஸ் கடற்கழிக்குப் போகும் சாலை. கலிவியானி என்ற ஊருக்கு அப்பால் சுமார் 8 கிலோமீட்டர் முழுக்கக் கல்லும் குழியும். வாடகை நிறுவனங்களில் பல அந்தச் சாலையில் போகக் கூடாது என்றே எழுதி வைத்திருக்கின்றன, போனால் எந்த இன்சூரன்ஸும் செல்லாது. நாங்கள் அதை முன்பே படித்திருந்தோம். அதனால் கிஸாமோஸ் துறைமுகத்தில் காரை நிறுத்திவிட்டுக் கப்பலில் போனோம். கப்பல் முதலில் கிராம்வூசா தீவின், வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்துக் கோட்டையில் நிற்கும், பிறகு பாலோஸ். நாள் முழுக்கக் கார் துறைமுகத்தில்தான் இருந்தது. மூன்று டிக்கெட்டையும் அம்மா தன் கைப்பையில் மடித்து வைத்தார். எந்தப் பயணச் சீட்டையும் அவர் தூக்கிப் போட மாட்டார். அந்தப் பழக்கம்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

திரும்பும் நாள். ஏதென்ஸுக்கு 7:30 மணிக்கு விமானம். 5:40-க்கே அதே மைதானத்துக்குப் போய்விட்டோம். முந்தின இரவே பெட்ரோல் நிரப்பி ரசீதும் வைத்திருந்தோம். வேறோர் ஊழியர் வந்தார். பெட்ரோல் முள்ளைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி வரவில்லை. கதவு, பம்பர் எதையும் பார்க்கவில்லை. நேராக இடது முன் சக்கரத்துக்குப் போனார், மண்டியிட்டார், டார்ச்சை உள்ளே அடித்தார். "அடியில் உடைந்திருக்கிறது. பாலோஸ் சாலையில் போயிருக்கிறீர்கள்" என்றார்.

இருட்டில், முதல் பார்வையிலேயே, அந்த ஓர் இடத்துக்கு எப்படிப் போனார்? அந்த உடைப்பு அங்கே இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு முன்னால் எத்தனை பேரிடம் அதே உடைப்புக்குப் பணம் வாங்கினார்களோ.

கப்பலில் போனோம் என்று சொன்னோம். "எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார். என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்புக்கு 540 யூரோ, நிர்வாகக் கட்டணம் 60 யூரோ என்று தாள் அச்சாகி வந்தது. வண்டியைப் பட்டறைக்கு அனுப்பாமல், யாரையும் விசாரிக்காமல், இரண்டே நிமிடத்தில் அந்தக் கணக்கு வந்தது. கையெழுத்துப் போட்டால் வேன் உடனே கிளம்பும், இல்லையென்றால் மேலாளர் 9 மணிக்குத்தான் வருவார், காத்திருங்கள் என்றார்.

தம்பி என்னைப் பார்த்து, "என்னக்கா பண்றது?" என்று கேட்டான். அவன் குரல் நடுங்கியது. ஏதென்ஸ் விமானத்தை விட்டால் அங்கிருந்து ஊருக்கு வரும் விமானமும் போய்விடும். அவர்களுக்கு அது தெரியும்.

அம்மா டிக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தார். ஊழியர் பார்க்கவே மறுத்துவிட்டார். "சரி, கையெழுத்துப் போடு, ஆனா ஒத்துக்கலைன்னு அதுலயே எழுதிப் போடு" என்றார் அம்மா. தம்பி கையெழுத்துக்கு மேலே, 'இந்தச் சேதத்தை நாங்கள் செய்யவில்லை, ஏற்கவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதியும் நேரமும் போட்டான். நான் தரையில் படுத்து, போனின் விளக்கில் அந்த இடத்தைப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.

விமானத்தில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உடைந்த பிளாஸ்டிக்கை இரண்டு கேபிள் டை (ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு யாரோ இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கேபிள் டையின் மேலேயே கிரீஸும் மண்ணும் கெட்டியாகப் படிந்திருந்தது. ஏழு நாளில் படியும் அழுக்கு இல்லை அது. உடைப்பு பழையது, கட்டியதும் பழையது.

ஊருக்கு வந்த மறுநாளே வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்தோம். ஒப்பந்தம், முதல் நாள் வீடியோ, கேபிள் டை தெரியும் படங்கள், கப்பல் டிக்கெட்டுகள், 'ஏற்கவில்லை' என்று எழுதிய தாள், பெட்ரோல் ரசீது, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி இரண்டு பக்கக் கடிதத்தோடு வைத்தோம். கடிதத்தில் கோபத்தைக் காட்டவில்லை, தேதியும் நேரமும் மட்டும் எழுதினோம். கார் நிறுவனத்திடம் பழுது பார்த்த பில்லைக் கேட்டு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் இல்லை. அந்த பில் இல்லாததால் 45 யூரோ கொடுத்து வாங்கிய இன்சூரன்ஸும் பைசா தரவில்லை. பத்து வாரம் கழித்து 540 யூரோ கார்டுக்குத் திரும்பியது. நிர்வாகக் கட்டணம் 60 யூரோவைத் தரவில்லை. 133 யூரோ போனது போனதுதான்.

நீங்கள் போவதாக இருந்தால், கிரீட்டின் உள்ளூர் நிறுவனங்களைப் பாருங்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகம் எல்லாம் சேர்த்தே இன்சூரன்ஸ் கொடுத்து, கார்டில் எந்தப் பணமும் நிறுத்தி வைக்காத நிறுவனங்கள் அங்கே பல உண்டு. நாள் வாடகை கொஞ்சம் அதிகமாகத் தெரியும். ஆனால் நாங்கள் கடைசியில் கொடுத்த மொத்தத்தோடு ஒப்பிட்டால் அது குறைவு. பதிவு செய்யும் முன்பே, அடிப்பாகம் சேருமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதற்கும் உதவாது. முடிந்தால் பகலில் இறங்கும் விமானத்தில் போங்கள். இரவில்தான் இறங்க வேண்டும் என்றால், அன்று டாக்ஸியில் போய்ப் படுத்துவிட்டு மறுநாள் காரை எடுங்கள். எடுக்கும்போது நான்கு ரிம்மையும், போனைத் தரையோடு வைத்துக் காரின் அடியையும் வீடியோ எடுத்து, அங்கே நிற்கும்போதே அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் குறைந்தது மூன்று மணி நேரம் கையில் இருக்கட்டும். அவசரம் இருந்ததால்தான் அவர்களால் எங்களிடம் அந்தக் கையெழுத்தை வாங்க முடிந்தது.

அந்த 60 யூரோவுக்கு நாங்கள் அனுப்பிய இரண்டாவது கடிதம் போன வாரம் போயிருக்கிறது. கப்பல் டிக்கெட்டின் நகல் அதிலும் இணைத்திருக்கிறோம். அசல் இன்னும் அம்மாவின் கைப்பையில்தான் இருக்கிறது.