வேண்டாத குதிரை: கடைசிச் செலவு யாருடையது?

குதிரை 25, 30 வருஷம் வாழும். பந்தயத்துக்கோ சவாரிக்கோ இனி ஆகாது என்று உரிமையாளர் முடிவு செய்யும்போது பல குதிரைகளுக்கு அதில் பாதி வயதுகூட ஆகியிருக்காது. அப்புறம் என்ன செய்வது? அமெரிக்காவில் இதை ‘கறிக்காக வெட்டலாமா, கூடாதா’ என்ற சண்டையாகவே நடத்துகிறார்கள். எனக்கென்னவோ, கடைசியில் பணம் யார் கைக்கு வருகிறது, யார் கையை விட்டுப் போகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரிகிறது.

உள்நாட்டில் வெட்டியபோது, அடிமாட்டு விலைதான் என்றாலும் உரிமையாளருக்கு நாலு காசு கிடைத்தது. டெக்சாஸில் இரண்டு, இல்லினாயில் ஒன்று என்று கடைசியாக இருந்த மூன்று வெட்டுக்கூடங்களும் மாநிலச் சட்டங்களால் 2007இல் மூடப்பட்டன. அங்கே வெட்டு அரசு ஆய்வாளர் கண்ணெதிரே நடந்தது என்பது ஆதரவாளர்களின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் மண்டைக்குள் உலோகத் தண்டைப் பாய்ச்சும் போல்ட் துப்பாக்கி நெற்றியில் சரியான இடத்தில் பட்டால்தான் அந்தக் கணமே நினைவு போகும். குதிரையோ எளிதில் மிரளும். நீண்ட கழுத்தைச் சட்டென்று இழுத்துத் தலையைத் தூக்கிவிடும். குறி கொஞ்சம் தப்பினால், வலியோடு நிற்கும் மிருகத்தின் மேல் இன்னொரு முறை விசையை அழுத்த வேண்டும்.

சரி, மூடியதால் குதிரைகள் பிழைத்தனவா? கூடத்தை மூடினார்களே தவிர எல்லையை மூடவில்லை. 2010இல் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் வெட்டுக்குப் போனவை சுமார் 1,38,000. மூடுவதற்கு முன் வெட்டுப்பட்ட எண்ணிக்கையும் ஏறக்குறைய இதுதான் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே 2011இல் எழுதியது. அதே சாவு, கூடவே நீண்ட லாரிப் பயணம். தீனி, தண்ணீர், ஓய்வு இல்லாமல் 28 மணி நேரம்வரை ஓட்ட விதியே இடம் கொடுக்கிறது. இருக்கும் வழிகளில் மோசமானது இதுதான். இந்த ஏற்றுமதி பிறகு வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் மெக்சிகோவின் குதிரைக்கறி இறக்குமதியை நிறுத்தியது குதிரை மேல் இரக்கப்பட்டு அல்ல. அந்தக் குதிரைகளுக்கு என்னென்ன மருந்து போட்டார்கள் என்று நம்பத்தக்க பதிவு இல்லை. வலிக்காகச் சாதாரணமாகத் தரும் ஃபினைல்பியூட்டசோன், உணவுக்குப் போகும் குதிரைக்குக் கூடாத மருந்து.

கருணைக்கொலையில் பணம் எதிர்த்திசையில் போகிறது. பழகிய லாயம், கயிற்றைப் பிடித்திருக்கும் தெரிந்த கை, ஓர் ஊசி. இதைவிட நல்ல சாவு இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். 450, 500 கிலோ உடலை எங்கே கொண்டுபோவது? அந்த ஊசி மருந்தான பென்டோபார்பிட்டால் ஊறிய சடலத்தைத் திறந்த வெளியில் விட்டால், தின்ன வரும் கழுகும் சாகும். இயந்திரம் வைத்து ஆழமாகக் குழி தோண்டுவதற்கும் சேர்த்து உரிமையாளர்தான் அழ வேண்டும். வெட்டுக்கு வாங்குபவர்கள் வரும் ஏலத்துக்கு ஓட்டிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

காப்பகம்? படத்தில் பார்க்க அழகுதான். ஒரு குதிரைக்கு நாளுக்குப் பத்து கிலோ அளவுக்கு உலர்புல், ஆறெட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுவது, பல் ராவுவது, இப்படியே இன்னும் பத்துப் பதினைந்து வருஷம். நல்ல காப்பகம் என்றால், ஓரளவுக்கு மேல் ‘இடமில்லை’ என்று சொல்லியாக வேண்டும்.

என் வரிசையில் ஊசி முதலில். எல்லை தாண்டி அனுப்புவதைவிட உள்நாட்டு வெட்டே மேல். இப்படிச் சொன்னால் இரு தரப்பும் திட்டும். தடை வேண்டும் என்பவர்கள் எல்லையையும் சேர்த்து அடைக்கட்டும். குட்டி பிறந்து பதிவு செய்யும் அன்றே அதன் ஊசிக்கும் குழிக்கும் ஆகும் தொகையை வளர்ப்பவரிடம் வாங்கி வைக்கட்டும்.