ஒரே ஜாங்கோவில் ஒன்பது டொமைன்: நான்கு வருட அனுபவம்

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, டுடோரியல் என்று ஒன்பது சின்ன வாடிக்கையாளர்களின் தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஆளுக்கொரு ஜாங்கோ (பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் கட்டமைப்பு) ஓட்டினால் என் 2 ஜிபி சர்வர் மூச்சுத் திணறும். அதனால் எல்லாருக்கும் ஒரே ஆப், ஒரே டேட்டாபேஸ்.

ஆரம்பம் சுலபம்தான். பிரவுசர் வரும்போதே ஹோஸ்ட் ஹெட்டரில் டொமைன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறது. ஜாங்கோவின் சைட்ஸ் ஆப்பில் டொமைனுக்கு ஒரு பதிவு போட்டால் மிடில்வேர் (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து வரும் இடைநிலைக் கோட்) மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஜாங்கோவுக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் அந்த ஹோஸ்டை அப்படியே பின்னால் அனுப்பச் சொல்ல மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் அடி பாஸ்வேர்டு ரீசெட்டில் விழுந்தது. பாத்திரக்கடையில் கேட்டவருக்கு ஜவுளிக்கடை லிங்க் போனது. செட்டிங்ஸில் சைட் ஐடி 1 என்று ஒரு வரி கிடந்தது. அது இருக்கும்வரை ஜாங்கோ ஹோஸ்டைத் திரும்பியே பார்க்காது. வரியை எடுத்தேன், சரியானது.

அடுத்தது கேஷ், அதாவது ஒருமுறை உருவாக்கியதைச் சேமித்து வைத்து மறுபடி காட்டுவது. முழுப் பக்கத்தை கேஷ் செய்தால், சேமித்ததைத் தேடி எடுக்கும் சாவியில் டொமைனும் சேர்ந்துவிடும். டெம்ப்ளேட்டில் ஒரு துண்டை மட்டும் கேஷ் செய்தால், நாம் கொடுத்த பெயர்தான் சாவி. நான் "பேனர்" என்று மட்டும் கொடுத்திருந்தேன். ஆடி மாதம் பாத்திரக்கடைக்காரர் போன் செய்தார்: "தம்பி, நான் எப்போ வேட்டி விக்க ஆரம்பிச்சேன்?" இப்போது எல்லாத் துண்டுக்கும் சைட் ஐடியைச் சேர்த்தே கொடுக்கிறேன். பின்னணி வேலைகளை ஓட்டும் செலரியிலும் அப்படித்தான். பின்னணியில் ஓடும் வேலைக்கு ரிக்வெஸ்டே கிடையாது, எந்தக் கடை என்று நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

https சான்றிதழ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அதை வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு ஒரே சான்றிதழில் 100 பெயர் வரை தரும் என்று ஒன்பதையும் சேர்த்து வாங்கினேன். ஒருவர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டார். சான்றிதழின் 90 நாள் ஆயுள் முடிகிற நேரத்தில் ஒன்பது பேருக்கும் புதுப்பித்தல் தோற்றது. அப்புறம் தனித்தனியாகப் பிரித்துவிட்டேன். இலவசம்தானே!

டொமைன் பெயர் இல்லாமல் ஐபி முகவரியில் வந்து தட்டும் தானியங்கி பாட்களால், தெரியாத ஹோஸ்ட் என்று ஜாங்கோ அனுப்பும் பிழை மெயில் குவியும். என்ஜின்எக்ஸின் டிஃபால்ட் சர்வரில் 444 (பதில் தராமல் இணைப்பை மூடும் குறியீடு) போட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

இத்தனைக்கும் பிறகு, சின்னக் கடைகளுக்கு இதே முறையைத்தான் பரிந்துரைப்பேன். டுடோரியலை மட்டும் போன மாதம் வேறு சர்வருக்கு மாற்றினேன். தேர்வு முடிவு வரும் நாளில் அங்கே கூடும் கூட்டத்தில் பாத்திரக்கடையும் சேர்ந்து படுத்துவிடுகிறது.