டிங்கர்கேட்: ஊரடங்கில் பிடித்தது, இன்னும் விடவில்லை

பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேப் எடுக்கிறேன். 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது, தியரியை கூகுள் மீட்டில் எப்படியோ நடத்திவிடலாம், லேப்புக்கு என்ன வழி என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் கவலை. அப்போது கைகொடுத்தது, சர்க்யூட்டைத் திரையிலேயே செய்து ஓட்டிப் பார்க்க உதவும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் டிங்கர்கேட். இலவசம், எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரிலேயே ஓடும்.

திரையில் பிரெட்போர்டு (பாகங்களைத் துளைகளில் சொருகி சர்க்யூட் செய்யும் பலகை), ஒயர், ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன போர்டு) எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை 9 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் வெடித்ததுபோல் ஒரு குறி வரும். அதன் மேல் மவுஸை வைத்தால், எவ்வளவு கரண்ட் போகிறது, எவ்வளவு வரை தாங்கும் என்று காட்டும். பொருள் வீணாகிவிடுமே என்ற பயம் இல்லாததால், லேப்பில் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்கூடத் துணிந்து செய்து பார்த்தார்கள். ஒவ்வொருவர் செய்த சர்க்யூட்டையும் நான் திறந்து பார்க்க முடிந்தது. 60 பேர் வகுப்பில் இது பெரிய விஷயம்.

போனில்தான் திண்டாட்டம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது, நல்ல உதவி. ஆனால் லேப்டாப் இல்லாத பிள்ளை அந்தச் சின்னத் திரையில் சரியான துளையில் ஒயரைச் சொருக என்ன பாடுபட்டிருக்கும்!

உண்மை நிலவரம் 2021 செப்டம்பரில் கல்லூரி திறந்த பிறகுதான் தெரிந்தது. திரையில் ஆம்ப்ளிஃபயரை அழகாகச் செய்த குழு, மேசையில் அவுட்புட் வராமல் விழித்தது. சர்க்யூட்டில் தப்பே இல்லை. சில பிரெட்போர்டுகளில் பவர் ரெயில், அதாவது சர்க்யூட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் நீளமான துளை வரிசை, நடுவில் துண்டாகியிருக்கும். அங்கே ஒரு ஒயர் போட்டு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு புள்ளியாக வோல்டேஜ் பார்க்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. லூஸ் கான்டாக்ட், செத்த டிரான்சிஸ்டர், அறுந்த புரோப் எதையும் அவர்கள் திரையில் சந்தித்ததே இல்லையே. ஃபால்ட் கண்டுபிடிக்கத் தெரியாதவரை எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் என்று என்னால் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கோடிங்கை ஸ்கிரீன் ஷேரில் சொல்லித்தருவதே வசதி என்பார்கள். மெக்கானிக்கல்காரர்கள் அடியோடு மறுப்பார்கள். லேத்தில் டூல் அதிரும் சத்தத்தைக் கேட்டு வேகத்தைக் குறைக்கும் பழக்கம் கேமரா வழியாக வராது என்பது அவர்கள் வாதம். நான் அவர்கள் கட்சி.

அதற்காக டிங்கர்கேட்டை விடவில்லை. லேப்புக்கு முந்தின நாள் எல்லாரும் அதில் செய்துவிட்டு வர வேண்டும். அப்புறம் லேப்பில், நானே வேண்டுமென்று ஒரு ஃபால்ட் வைத்த போர்டைக் கொடுப்பேன். முதலாண்டுக்கு இந்த முறையைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மேல் செமஸ்டர்களுக்கு அதிலுள்ள பாகங்கள் போதாது, எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளுக்கு மாறிவிடுங்கள். அதற்குக் கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும் என்பதால், எங்கள் துறையில் கம்ப்யூட்டர் லேப்பை மாலை 6 மணி வரை திறந்து வைக்கக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.