பல்கலைக்கழக ஆய்வகமா, ஆலையின் ஆய்வுப் பிரிவா?

உலோகவியலில் முனைவர் பட்டம் வாங்கியவருக்கு முன்னால் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகள்தான். பல்கலைக்கழகத்தில் கேள்வி உங்களுடையது, அவகாசமும் கொஞ்சம் தாராளம். இஸ்ரேலிய அறிவியலாளர் டான் ஷெக்ட்மன் 1982-இல் அலுமினியம்–மாங்கனீசு கலவையில் குவாசிபடிகத்தை (அணுக்கள் ஒழுங்காக இருந்தும் ஒரே அமைப்பு சீரான இடைவெளியில் திரும்ப வராத திண்மத்தை) கண்டார். கட்டுரை வெளிவர 1984 ஆனது, நோபல் பரிசு 2011-இல்தான். நடுவில் கேலியும் பட்டார்.

ஆலையில் அவ்வளவு பொறுமை கிடையாது. உடைந்த எந்திரத் தண்டு மேசைக்கு வரும். முறிந்த பரப்பில் கடற்கரை மணல்வரி போன்ற கோடுகள் தெரிந்தால், திரும்பத் திரும்ப ஏறி இறங்கிய சுமையால் வந்த அயர்வு முறிவு என்று சந்தேகிக்கலாம். அப்புறம் விரிசல் எங்கே தொடங்கியது என்று காட்ட வேண்டும். சம்பளம் பொதுவாகக் கூடுதல், ஆனால் கண்டதை வெளியிட அனுமதி கேட்க வேண்டும்.

எனக்கு உடைந்த தண்டுதான் பிடிக்கும்: என் பதில் சரியா என்று அடுத்த தண்டு சொல்லிவிடும்.